கண்ணாடியைத் திருப்பிக் கொடுத்திருக்கலாம்

மனநலம்: வாசகர் கேள்வி – மருத்துவர் பதில்

சென்ற இதழில் வேறொரு கேள்விக்குப் பதில் எழுதும்போது, "நோயாளி சம்மதிக்காவிட்டாலும் சில நேரங்களில் மருத்துவமனையில் சேர்த்தே ஆக வேண்டும்" என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்கள் இம்முறை பக்கங்கள் முழுவதையும் எடுத்துக்கொண்டுவிட்டன. குடும்பத்தார் எழுதியவை பெரும்பாலும் சுருக்கமானவை. அப்படிச் சேர்க்கப்பட்டவர்கள் எழுதியவை பல பக்கங்களுக்கு நீள்கின்றன. எழுதியவர்களின் பெயர்களையும் அடையாளம் காட்டக்கூடிய விவரங்களையும் நீக்கியிருக்கிறேன். என் அனுபவத்திலிருந்து சொல்லும் நிகழ்ச்சிகளிலும் அப்படியே செய்திருக்கிறேன்.

கேள்வி: மூன்று ஆண்டுகளுக்கு முன் என் அம்மா, சாப்பாட்டில் விஷம் கலக்கிறார்கள் என்று சொல்லி ஒன்பது நாள் ஏறக்குறைய எதுவுமே சாப்பிடவில்லை. இரத்த அழுத்தம் பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்று சொல்லி அழைத்துப் போய் மனநல மருத்துவமனையில் சேர்த்தோம். கையெழுத்துப் போட்டது நான். இப்போது அம்மா நலமாக இருக்கிறார். மாத்திரையையும் தவறாமல் போடுகிறார். ஆனால் என்னிடம் மட்டும் அளந்துதான் பேசுகிறார். "குணமானதும் அவரே உங்களுக்கு நன்றி சொல்வார்" என்று மருத்துவர் அன்று சொன்னார். அந்த நாள் எப்போது வரும்?
– ஒரு மகள்

பதில்: அந்த மருத்துவர் சொன்ன வாக்கியத்தை நானும் பல குடும்பங்களிடம் சொல்லியிருக்கிறேன். இப்போது சொல்வதில்லை.

இந்த நம்பிக்கைக்கு எங்கள் துறையில் ஒரு வரலாறே உண்டு. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் சட்டத்தையும் மனநல மருத்துவத்தையும் சேர்த்துக் கற்பித்த ஆலன் ஸ்டோன் 1975இல் இதை 'நன்றிக் கோட்பாடு' என்று பொருள்படும் ஒரு பெயரில் முன்வைத்தார். கட்டாயமாகச் சேர்க்கப்பட்டவர் தெளிந்த பிறகு திரும்பிப் பார்த்து நன்றி சொல்வார் என்று எதிர்பார்க்க இடமிருந்தால்தான் அந்தக் கட்டாயத்துக்கு நியாயம் உண்டு என்பது அதன் சாரம். அவர் அதை மருத்துவர்களுக்கு ஒரு கடிவாளமாகத்தான் சொன்னார். நாளடைவில் நாங்கள் அதைக் குடும்பத்தாருக்குச் சொல்லும் ஆறுதல் வார்த்தையாக மாற்றிக்கொண்டோம்.

நோயாளிகளையே கேட்டுப் பார்த்தபோது கிடைத்த பதில் வேறு மாதிரி இருந்தது. அமெரிக்காவில் 1999இல் வெளிவந்த ஓர் ஆய்வில், சேர்க்கப்பட்ட நேரத்தில் "எனக்கு மருத்துவமனை தேவையில்லை" என்று சொன்ன 64 பேரை, அவர்கள் வீடு திரும்பி நான்கு முதல் எட்டு வாரங்கள் ஆன பிறகு மறுபடியும் கேட்டார்கள். அவர்களில் 33 பேர், "இப்போது யோசித்தால் தேவையாகத்தான் இருந்திருக்கிறது" என்று கருத்தை மாற்றிக்கொண்டிருந்தார்கள். ஆனால் கட்டாயப்படுத்தப்பட்டோம் என்ற எண்ணம் அப்படியே இருந்தது, மருத்துவமனையைப் பற்றிய அபிப்பிராயமும் நல்லதாக மாறவில்லை, நன்றியுணர்வும் தோன்றவில்லை. பதினொரு ஐரோப்பிய நாடுகளில் 2,300க்கும் மேற்பட்ட நோயாளிகளைப் பின்தொடர்ந்து 2010இல் வெளிவந்த பெரிய ஆய்வில், மூன்று மாதங்களுக்குப் பிறகு தம்மைச் சேர்த்தது சரிதான் என்று சொன்னவர்கள் ஒரு நாட்டில் 46 சதவீதம், இன்னொரு நாட்டில் 86 சதவீதம். நாட்டுக்கு நாடு இத்தனை இடைவெளி இருப்பதற்கு நோயை மட்டும் காரணமாகச் சொல்லிவிட முடியாது என்பது என் எண்ணம். இங்கிலாந்தில் ஓராண்டு கழித்துக் கேட்டபோது 40 சதவீதத்தினர்தான் சரி என்றார்கள்.

ஆகவே உங்கள் அம்மாவின் மனத்தில் இரண்டு தீர்ப்புகள் ஒரே நேரத்தில் இருக்கலாம். "என்னைச் சேர்த்திருக்காவிட்டால் நான் இறந்திருப்பேன்" என்பது ஒன்று. "என் மகள் என்னை ஏமாற்றிக் கொண்டுபோனாள்" என்பது இன்னொன்று. முதலாவதை ஒப்புக்கொண்டதால் இரண்டாவது அழிந்துவிடுவதில்லை, ஏனெனில் இரண்டுமே நடந்தவை.

எனக்குத் தெரிந்த ஓர் ஆசிரியையைப் பற்றிச் சொல்கிறேன். அவரை நான்கு பேர் பிடித்துக்கொண்டு ஊசி போட்டார்கள். பத்து ஆண்டுகளுக்குப் பிறகு அதைப் பற்றி என்னிடம் பேசியபோது, ஊசியைப் பற்றி அரை நிமிடம்தான் பேசினார். மீதி நேரமெல்லாம் தம்முடைய மூக்குக்கண்ணாடியைப் பற்றியே பேசினார். இழுபறியில் உடைந்துவிடக் கூடாதே என்று யாரோ ஒருவர் அதைக் கழற்றி, ஓர் உறையில் போட்டு, அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார். நல்லெண்ணத்தில் செய்ததுதான். அது திரும்பக் கைக்கு வர இரண்டு நாளாயிற்று. அவருக்குப் பார்வை மைனஸ் ஏழு. "எல்லாரும் என்னைக் கொல்ல வந்தவர்கள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்த நேரம் அது, டாக்டர். முகமே இல்லாத ஆட்கள் வந்து வந்து போனார்கள். ஊசி போட்டதை விடுங்கள், அப்போது வேறு வழியில்லை. கண்ணாடியைத் திருப்பிக் கொடுத்திருக்கலாம்" என்றார். நான் பொறுப்பில் இருந்த வார்டுதான் அது.

உங்கள் அம்மாவுக்கும் அப்படி ஒரு கண்ணாடி இருக்கும். அது எது என்று நீங்கள் கேட்டதுண்டா? கேட்கும்போது, "எங்களுக்கு வேறு வழி தெரியவில்லை அம்மா" என்று நடுவில் தொடங்கிவிடாதீர்கள். அது உண்மையாகவே இருந்தாலும், அவர் பேச ஆரம்பித்ததை நிறுத்திவிடும். சேர்த்ததற்காக நீங்கள் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. இரத்த அழுத்தம் பார்க்கப் போகிறோம் என்று சொன்னதற்காகக் கேட்கலாம். பொய் சொல்லி அழைத்து வரப்பட்டவர்கள் பல ஆண்டுகளுக்குப் பிறகும் முதலில் சொல்வது அந்தப் பொய்யைத்தான் என்பதை நான் வெளிநோயாளிப் பிரிவில் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறேன். அதன் பின் எந்தப் பயணத்துக்குக் கூப்பிட்டாலும் அவர்கள் வாசலில் நின்று யோசிக்கிறார்கள்.

கேள்வி: என் மருத்துவக் குறிப்பில் "தாமாகவே முன்வந்து சேர்ந்தார்" என்று எழுதியிருக்கிறது. நடந்தது என்னவென்றால், "கையெழுத்துப் போட்டால் நீங்களாக வந்ததாக இருக்கும், போடாவிட்டால் சட்டப்படி சேர்ப்போம், அப்போது நீங்கள் நினைத்த நேரத்தில் வெளியே போக முடியாது" என்றார்கள். போட்டேன். இதைக் கட்டாயம் என்று சொன்னால் வீட்டில் சிரிக்கிறார்கள். நான் மிகைப்படுத்துகிறேனா?
– முப்பது வயது வாசகர்

பதில்: இல்லை. கதவைக் காட்டிவிட்டு அதன் மேல் பூட்டையும் காட்டுவது தேர்வு ஆகாது. சட்டத்தின் கணக்கில் நீங்கள் தாமாக வந்தவர். உங்கள் கணக்கில் நீங்கள் தள்ளி விடப்பட்டவர். இந்த இரண்டு கணக்குகளும் ஒத்துப்போவதில்லை என்பதை 1990களில் அமெரிக்காவில் மெக்ஆர்தர் அறக்கட்டளையின் ஆதரவில் நடந்த ஆய்வுகள் விரிவாகக் காட்டின. தாமாக வந்ததாகப் பதிவானவர்களிலும் கட்டாயத்தை உணர்ந்தவர்கள் இருந்தார்கள். சட்டப்படி கட்டாயமாகச் சேர்க்கப்பட்டவர்களிலும் அப்படி உணராதவர்கள் இருந்தார்கள்.

அந்த ஆய்வுகளில் எனக்கு மிகவும் பயன்பட்டது வேறொரு முடிவு. எடுத்துச் சொல்வது, கெஞ்சுவது, உதவி செய்வதாக வாக்களிப்பது ஆகியவை நோயாளியின் மனத்தில் கட்டாயமாகப் பதிவதில்லை. மிரட்டலும் பலப்பிரயோகமுமே அப்படிப் பதிகின்றன. அதைவிட முக்கியமாக, தம் தரப்பைச் சொல்ல விட்டார்கள், சொன்னதைக் காதில் வாங்கினார்கள், மரியாதையாக நடத்தினார்கள், உண்மையைச் சொன்னார்கள் என்று உணர்ந்தவர்கள், முடிவு தமக்கு எதிராகப் போன போதும் குறைவான கட்டாயத்தையே உணர்ந்தார்கள். ஐந்து நிமிடம் உட்கார்ந்து கேட்டிருந்தால் போதும் என்று பல நோயாளிகள் சொல்வது மிகை இல்லை. அந்த ஐந்து நிமிடம் எங்களிடம் இல்லை என்று நாங்கள் சொல்வதுதான் பல நேரங்களில் மிகை.

கேள்வி: நோய் இருப்பதே தெரியாத ஒருவரிடம் போய், சிகிச்சை எப்படி இருந்தது என்று கருத்துக் கேட்பதில் என்ன பொருள் இருக்கிறது?
– ஓய்வுபெற்ற வாசகர்

பதில்: தமக்கு நோய் இருப்பதை உணராமல் இருப்பது சில மனநோய்களின் கூறாகவே வருகிறது என்பது உண்மைதான், அதைப் பிடிவாதம் என்று எண்ணிக் கோபப்படுவது தவறு. ஆனால் அந்த உணர்வின்மை மொத்தமாக விளக்கை அணைத்தது போல இருப்பதில்லை. பக்கத்து வீட்டார் தம் எண்ணங்களைக் களவாடுகிறார்கள் என்று உறுதியாக நம்பும் ஒருவர், "ஊசி போட்ட பிறகு கழுத்து ஒரு பக்கமாக இழுத்துக்கொள்கிறது, நாக்கு தடிக்கிறது" என்று சொன்னால், முதலாவது நோயின் அறிகுறி, இரண்டாவது கண் முன்னே நடக்கும் உண்மை. ஹாலோபெரிடால் போன்ற ஊசிகளால் தசை அப்படி இழுத்துக்கொள்வதுண்டு. அதற்கு மாற்று மருந்து கொடுத்தால் சிறிது நேரத்தில் தணிந்துவிடும். இரண்டையும் ஒரே காதில் வாங்கி, இரண்டையும் நோயின் கணக்கில் எழுதிவிட்டுப் போகும் தவறு வார்டுகளில் நடக்கிறது.

உட்கார முடியாமல் தவிக்கும் இன்னொரு பக்கவிளைவு இருக்கிறது, அகதீசியா என்பார்கள். கால்கள் நிற்காது, உள்ளுக்குள் யாரோ முறுக்கிவிடுவது போல இருக்கும் என்று அனுபவித்தவர்கள் சொல்கிறார்கள். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது நோய் முற்றியதாகத் தெரியும், அதனால் மருந்து இன்னும் கூட்டப்படும், தவிப்பும் கூடும். நோயாளியின் வாய்ச்சொல்லைத் தவிர அதைக் கண்டுபிடிக்க வேறு நல்ல வழி எங்களிடம் இல்லை. கருத்துக் கேட்பதில் இருக்கும் பொருள் இதுவும்தான்.

கேள்வி: நான் ஒரு மனநலப் பிரிவில் செவிலியராக வேலை செய்கிறேன். நோயாளியைப் பிடிப்பதும் கட்டுவதும் எங்களுக்கும் பிடித்த வேலை அல்ல. அடிபட்டவர்கள் எங்களிலும் இருக்கிறார்கள். தவிர்க்கவே முடியாத நேரத்தில் எதைச் செய்தால் அவர்கள் மனத்தில் காயம் குறையும் என்று அவர்களுடைய பக்கத்திலிருந்து சொல்ல முடியுமா?
– ஒரு செவிலியர்

பதில்: இந்த இதழுக்கு வந்த கடிதங்களிலேயே எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. ஒரு நோயாளி எனக்குச் சொன்ன நிகழ்ச்சியிலிருந்து தொடங்குகிறேன்.

அவரை ஆறு மாத இடைவெளியில் இரண்டு முறை கட்டாயமாகச் சேர்த்தார்கள். இரண்டு முறையும் அதே நோய், அதே மருந்து. முதல் முறை ஆறேழு பேர் அறைக்குள் வந்தார்கள். ஆளுக்கொரு பக்கம் பேசினார்கள். ஒருவர் அமைதியாக இருக்கச் சொன்னார், ஒருவர் படுக்கச் சொன்னார், ஒருவர் யாரிடமோ கைப்பேசியில் பேசிக்கொண்டிருந்தார். யாருடைய பேச்சைக் கேட்பது என்று தெரியாமல் அவர் திமிறினார். இரண்டாம் முறை வந்தவர்களில் ஒருவர் மட்டும் பேசினார். வயதில் மூத்த செவிலியர். அறை வாசலிலேயே நின்று, அவருடைய பெயரைச் சொல்லி, "ஐயா, இப்போது உங்களுக்கு ஊசி போடப்போகிறோம். இதை நிறுத்த என்னால் முடியாது. ஆனால் எந்தக் கையில் போடுவது என்று நீங்கள் சொல்லலாம்" என்றார். இவர் கொஞ்ச நேரம் முறைத்துவிட்டு இடது கையை நீட்டினார். "அன்றைக்கு முழுக்க எனக்குச் சொந்தமாக இருந்தது அந்த ஒரு முடிவுதான்" என்று என்னிடம் சொன்னார்.

நடைமுறைக்கு வருவோம். ஒருவர் மட்டும் பேச வேண்டும் என்பது அந்த நிகழ்ச்சியிலேயே இருக்கிறது. மற்றவை நீங்கள் அறிந்தவைதான், ஆனால் அவசரத்தில் முதலில் மறந்து போவதும் அவைதான். மருந்தின் பெயரையும் அது என்ன செய்யும் என்பதையும், கேட்காதவர் போலத் தோன்றினாலும், சொல்லிவிடுங்கள். குப்புறப் படுக்கவைத்து முதுகில் அழுத்தாதீர்கள்; மூச்சு அடைத்து உயிர் போன நிகழ்வுகள் பல நாடுகளில் பதிவாகியிருக்கின்றன. கட்டியிருக்கும் வரை ஒருவர் பக்கத்திலேயே இருக்க வேண்டும். கை கால் நிறம் மாறுகிறதா என்று பார்ப்பதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. கட்டப்பட்டு விட்டத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பவருக்கு, அடுத்து யார் வருவார், என்ன செய்வார் என்பது தெரியாமல் இருப்பதே பெரிய பயம். எப்போது அவிழ்ப்பார்கள் என்பது தெரியாமல் இருப்பது அதற்கு அடுத்தது. "அரை மணிக்கு ஒருமுறை பார்ப்போம், நீங்கள் அமைதியானதும் முதலில் வலது கையை அவிழ்ப்போம்" என்று சொன்னால், அவர் எண்ணிக்கொண்டு காத்திருக்க ஒரு கடிகாரம் கிடைக்கிறது. தண்ணீர் வேண்டுமா என்றும் சிறுநீர் கழிக்க வேண்டுமா என்றும் கேளுங்கள். கட்டிலிலேயே நனைந்து கிடந்ததை வேறு எவரிடமும் சொல்லாமல் இருபது ஆண்டுகள் வைத்திருந்தவர்களை எனக்குத் தெரியும். முன்பு வன்முறைக்கோ பாலியல் துன்புறுத்தலுக்கோ ஆளான ஒருவருக்கு, பிடிக்கும் கைகள் அந்தப் பழைய கைகளாகவே மாறிவிடும். சேர்க்கும்போதே இதைக் கேட்டு வைத்திருந்தால், யார் தொடலாம், யார் தொடக் கூடாது என்பதையாவது முடிவு செய்யலாம்.

இன்னொன்று. எல்லாம் முடிந்து, ஓரிரு நாள் கழித்து, அவர் தெளிந்ததும் அருகில் உட்கார்ந்து, "அன்று நடந்தது உங்களுக்கு எப்படி இருந்தது?" என்று கேளுங்கள். பல இடங்களில் இதை விதியாகவே வைத்திருக்கிறார்கள். விதி இல்லாத இடத்திலும் கேட்பதற்கு எவருடைய அனுமதியும் தேவையில்லை. அவர் கோபப்படலாம். கோபப்பட இடம் கிடைப்பதே அவருக்குப் பாதி மருந்து. உங்களுக்கு அன்று பயமாக இருந்தது என்றால் அதையும் சொல்லுங்கள். நோயாளிகள் பலருக்கு அது செய்தியாகவே இருக்கும்.

கேள்வி: வீட்டுக்கு அனுப்பிய பிறகும், மருந்து எடுக்காவிட்டால் திரும்பச் சேர்ப்போம் என்று சட்டப்படி கட்டுப்படுத்தும் முறை சில நாடுகளில் இருக்கிறதாமே. என் தம்பிக்கு அது உதவுமா?
– ஓர் அண்ணன்

பதில்: இருக்கிறது. இங்கிலாந்தில் அந்த முறையைச் சோதித்து 2013இல் வெளியிட்டார்கள். முந்நூற்றுக்கும் மேற்பட்ட நோயாளிகள் பங்கேற்றனர். அந்த முறைக்கு உட்பட்டவர்கள், உட்படாதவர்கள் என்ற இரண்டு பிரிவிலும் ஓராண்டில் திரும்பச் சேர்க்கப்பட்டவர்கள் ஒரே அளவு, 36 சதவீதம். அதாவது சுதந்திரத்தில் ஒரு பகுதியைக் கொடுத்தவர்களுக்கு அந்தக் கணக்கில் மாற்றாக எதுவும் கிடைக்கவில்லை. தம்பி ஏன் மருந்தை நிறுத்துகிறார் என்று அவரிடமே கேளுங்கள். உடல் எடை, தூக்கக் கலக்கம், தாம்பத்தியத்தில் வரும் குறை என்று, அண்ணனிடம் சொல்லக் கூசும் காரணமாகவும் அது இருக்கலாம். அப்படியென்றால் மருத்துவரிடம் தனியாகப் பேச அவருக்கு வாய்ப்பு ஏற்படுத்திக் கொடுங்கள்.

கேள்வி: எனக்கு இருமுனைக் கோளாறு. நலமாக இருக்கும் இந்த நேரத்திலேயே, அடுத்த முறை நோய் வந்தால் எனக்கு என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது என்று எழுதி வைக்க முடியுமா? எழுதினால் மதிப்பார்களா?
– ஒரு வாசகி

பதில்: முடியும்; எழுதுங்கள். கடற்கன்னிகளின் பாட்டு கேட்டால் கடலில் குதித்துவிடுவோம் என்று முன்பே தெரிந்து, தன்னைப் பாய்மரத்தில் கட்டச் சொன்ன யூலிசிஸ் என்ற கிரேக்க வீரனின் பெயரால் எங்கள் துறையில் இதைக் குறிப்பிடுவதுண்டு. எனக்கு அந்த உவமை அவ்வளவாகப் பிடிப்பதில்லை. அதில் கட்டுவது மட்டும்தான் இருக்கிறது. நல்ல திட்டம் ஒன்றில், கட்டாமல் இருப்பதற்கு என்ன செய்யலாம் என்பதே அதிக இடத்தை எடுத்துக்கொள்ளும்.

நோயாளியும் மருத்துவக் குழுவும் சேர்ந்து உட்கார்ந்து எழுதும் நெருக்கடிக்காலத் திட்டத்தை இங்கிலாந்தில் 160 பேரிடம் சோதித்தார்கள். 2004இல் வெளிவந்த அந்த ஆய்வில், திட்டம் எழுதியவர்களில் 13 சதவீதத்தினரும், எழுதாதவர்களில் 27 சதவீதத்தினரும் கட்டாயச் சட்டத்தின் கீழ் கொண்டுவரப்பட்டார்கள். பின்னர் 2013இல் வந்த பெரிய ஆய்வில் அந்தப் பலன் தெரியவில்லை. திட்டம் எழுதும் கூட்டங்களில் மருத்துவர்கள் முழு மனத்துடன் ஈடுபடாததும் ஒரு காரணமாகப் பேசப்பட்டது. இப்படிப்பட்ட ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்கிட்டு 2016இல் வெளியிட்டபோது, முன்கூட்டியே எழுதி வைப்பது கட்டாயமாகச் சேர்க்கப்படுவதை ஏறக்குறைய 23 சதவீதம் குறைப்பதாகத் தெரிந்தது. மருந்து, மாத்திரை எதுவும் கூட்டாமல் ஒரு தாளும் ஒரு மணி நேரமும் இந்த அளவுக்கு மாற்றம் செய்வது சிறிய விஷயம் இல்லை. மதிப்பார்களா என்று கேட்டீர்கள். இந்தியாவின் 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் உட்பட சில நாட்டுச் சட்டங்கள் இத்தகைய ஆவணத்துக்கு இடம் தந்திருக்கின்றன. ஆனால் உயிருக்கு ஆபத்தான அவசர நிலையில் எழுத்து ஓரளவுக்குத்தான் செல்லும் என்பதை முன்பே தெரிந்துகொள்ளுங்கள்.

எழுதும்போது பொதுவாக எழுதாதீர்கள். "என்னை மரியாதையாக நடத்தவும்" என்ற வரி எவரையும் கட்டுப்படுத்தாது. என்னிடம் வரும் ஒருவர் எழுதி வைத்திருக்கும் தாளில் இப்படி இருக்கிறது: "மூன்று இரவு தொடர்ந்து நான்கு மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்கினால், நான் மறுத்தாலும் என் அக்கா மருத்துவரை அழைக்கலாம். என் கணவர் அந்த நேரத்தில் என்னிடம் வாதம் செய்யக் கூடாது. முன்பு போட்ட இன்ன ஊசியால் எனக்குத் தாடை பூட்டிக்கொண்டது; அதற்குப் பதிலாக இன்ன மருந்து ஒத்துக்கொண்டது. விளக்கை முழுவதும் அணைக்க வேண்டாம். என் குழந்தையிடம், அம்மா எங்கே இருக்கிறாள் என்ற உண்மையைச் சொல்லவும்." இதில் கடைசி வரியை எழுத அவருக்கு இரண்டு வாரம் பிடித்தது. தாளின் ஒரு பிரதி மருத்துவரிடமும் ஒன்று நம்பிக்கைக்குரிய உறவினரிடமும் இருக்கட்டும்; ஆண்டுக்கு ஒருமுறை படித்துத் திருத்துங்கள்.

கேள்வி: சம்மதம் இல்லாமல் செய்யும் சிகிச்சை எல்லாமே வன்முறைதான், அதை மொத்தமாக ஒழிக்க வேண்டும். மருத்துவராகிய நீங்கள் இதை ஒப்புக்கொள்ள மாட்டீர்கள் என்று தெரியும்.
– இரண்டு முறை சேர்க்கப்பட்ட வாசகர்

பதில்: முழுவதும் ஒப்புக்கொள்ளவில்லை, ஆனால் உங்களைத் தனியாள் என்று நினைக்காதீர்கள். ஐக்கிய நாடுகள் சபை 2006இல் ஏற்றுக்கொண்ட மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கை, ஒருவருக்குக் குறைபாடு இருக்கிறது என்பதே அவருடைய சுதந்திரத்தைப் பறிக்கக் காரணமாக முடியாது என்கிறது. அதைக் கண்காணிக்கும் குழு 2014இல் இன்னும் ஒரு படி மேலே போய், கட்டாய மனநல சிகிச்சையையே உரிமை மீறல் என்றது. உடன்படிக்கையில் கையெழுத்திட்ட நாடுகளில் பெரும்பாலானவை கட்டாயமாகச் சேர்க்கும் சட்டத்தையும் கையில் வைத்திருக்கின்றன. இந்த முரண்பாடு இன்னும் தீரவில்லை.

இந்தக் குரலை முதலில் எழுப்பியவர்களில் சேர்க்கப்பட்டவர்களே இருந்தார்கள். அமெரிக்காவின் ஜூடி சாம்பர்லின் 1966இல் கருச்சிதைவுக்குப் பிறகு வந்த மனச்சோர்வுக்காக மருத்துவமனைக்குப் போய், பிறகு கட்டாயமாக அடைத்து வைக்கப்பட்டார். 2010இல் இறக்கும் வரை நோயாளிகள் நடத்தும் மாற்று உதவி மையங்களுக்காகப் போராடினார். எலின் சாக்ஸ் இன்னொரு வகை. மனச்சிதைவு நோயுடன் வாழும் சட்டப் பேராசிரியர். மருந்தும் உளவியல் சிகிச்சையும் இல்லாமல் தம்மால் வாழ முடியாது என்பவர்; ஆனால் மாணவப் பருவத்தில் தம்மைப் பல மணி நேரம் கட்டிலில் கட்டிப்போட்டதை இன்று வரை நியாயம் என்று ஏற்காதவர். சிகிச்சையின் பக்கமும் பலப்பிரயோகத்துக்கு எதிர்ப்பக்கமும் ஒரே ஆள் நிற்க முடியும் என்பதற்கு அவரே சாட்சி.

என் நிலையைச் சொல்லிவிடுகிறேன். என் கண் முன்னாலேயே ஒருவர் ஜன்னல் விளிம்பில் ஏறினால் பிடித்து இழுப்பேன். அவருடைய சம்மதத்துக்குக் காத்திருக்க மாட்டேன். ஆனால் அந்த ஜன்னலைக் காட்டியே நாங்கள் வேறு பல கதவுகளையும் பூட்டிவிட்டோம் என்ற உங்கள் குற்றச்சாட்டில் உண்மை இருக்கிறது. ஆள் பற்றாக்குறைக்காகவும், வார்டின் வசதிக்காகவும், குடும்பத்தின் களைப்புக்காகவும் நோயாளியின் சுதந்திரம் செலவழிக்கப்படுவதை நான் பார்த்திருக்கிறேன். இத்தாலி 1978இல் சட்டம் போட்டுப் பெரிய மனநோய் மருத்துவமனைகளுக்குப் புது நோயாளிகளை அனுப்புவதை நிறுத்தியது. கட்டாய சிகிச்சை அங்கேயும் ஒழியவில்லை. ஆனால் ஒரு முறைக்கு ஏழு நாள் என்றும், மருத்துவர்கள் இருவர் சொன்னாலும் மேயர் கையெழுத்திட்டு நீதிபதி சரிபார்க்க வேண்டும் என்றும் ஆனது. ஏழு நாள் என்று எழுதியிருந்தால், எட்டாம் நாளுக்கு யாராவது காரணம் சொல்லியாக வேண்டும்.

நீங்கள் இரண்டு முறை சேர்க்கப்பட்டதில் எது தேவையில்லாமல் நடந்தது என்று எழுதுங்கள். கொள்கையில் நாம் ஒத்துப்போகாமல் இருக்கலாம். அந்தப் பட்டியலில் பெரும்பகுதி ஒத்துப்போவோம் என்று நினைக்கிறேன்.

கேள்வி: சாக வேண்டும் என்ற எண்ணம் சில வாரங்களாக வந்து போகிறது. முன்பு ஒருமுறை இதை மருத்துவரிடம் சொன்னதால்தான் என்னை அடைத்தார்கள். அதனால் இந்த முறை "தூக்கம் வரவில்லை" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். நான் செய்தது சரியா?
– பெயர் எழுதாத ஒருவர்

பதில்: நீங்கள் ஏன் அப்படிச் செய்தீர்கள் என்பது புரிகிறது. கட்டாய சிகிச்சையின் விலைகளில் எங்கள் ஏடுகளில் பதிவாகாத விலை இது: ஒருமுறை அடைக்கப்பட்டவர் அடுத்த முறை வாயைத் திறப்பதில்லை. உங்கள் தவறாக இதை நான் எழுதவில்லை.

ஆனால் தூக்க மாத்திரையோடு நீங்கள் தனியாக இருப்பது எனக்குக் கவலையாக இருக்கிறது. எண்ணம் வருவதும், நாளும் முறையும் குறித்துத் திட்டம் போடுவதும் மருத்துவருக்கு வேறு வேறு. எண்ணம் வந்து போகிறது என்று சொல்லும் பெரும்பாலானவர்களை நாங்கள் அடைப்பதில்லை; அடிக்கடி வரச் சொல்வோம், மாத்திரையைக் குறைந்த நாட்களுக்கு மட்டும் கொடுப்போம், கூட இருக்க ஒருவரை ஏற்பாடு செய்யச் சொல்வோம். திட்டமே இருக்கிறது என்றால், இந்தப் பக்கத்தை மூடிவிட்டு இப்போதே பக்கத்தில் இருக்கும் ஒருவரிடம் சொல்லுங்கள், அல்லது அவசர உதவி எண்ணை அழையுங்கள். அடுத்த சந்திப்பு வரை காத்திருக்க வேண்டாம்.

திட்டம் ஏதும் இல்லையென்றால், மருத்துவரிடம் முதலில் எண்ணத்தைச் சொல்லாமல் விதியைக் கேளுங்கள்: "இப்படி ஓர் எண்ணம் வருகிறது என்று ஒருவர் சொன்னால் நீங்கள் என்ன செய்வீர்கள்? எந்த நிலையில் சேர்ப்பீர்கள்? சேர்ப்பதற்கு முன் என்னென்ன முயல்வீர்கள்?" அவர் தெளிவாகப் பதில் சொன்னால் மீதியைச் சொல்லலாம். மழுப்பினால், "முன்பு நடந்ததால் எனக்குப் பயமாக இருக்கிறது" என்பதை மட்டுமாவது சொல்லுங்கள். வாய் வரவில்லை என்றால், எனக்கு எழுதிய கடிதத்தை அப்படியே மறுபடி எழுதி அவர் மேசையில் வையுங்கள். நான்கு வரிதான், தெளிவாகத்தான் எழுதியிருக்கிறீர்கள்.